நான் நிரப்பிய படிவம்

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அந்தப் பெருமை எனக்கு இன்றும் உண்டு. அதை மறைத்துவிட்டு இதை எழுத முடியாது. என் அக்கா பெங்களூருக்குச் சித்தாள் வேலைக்குப் போக நேர்ந்தது அதனால்தான்.

ஏரியூருக்குப் போகும் வழியில் எங்கள் ஊர். மழை தொடர்ந்து பொய்த்த வருடங்கள் அவை. அரை ஏக்கர் கொல்லையில் கொள்ளு மட்டும் முளைத்தது, அதுவும் பாதிதான். அக்காவின் புருஷன் லாரிக்குப் போனவன், திரும்பி வரவில்லை. இரண்டு வயது மகளோடு அக்கா எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். அப்பா, அம்மா, அக்கா மூவரும் பஞ்ச நிவாரணச் சாலை வேலைக்குப் போய் ஜல்லி உடைத்தார்கள். கூலியில் ஒரு பங்கு கோதுமையாக வந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் அரிசியைப் போலவே வேகவைத்துத் தின்றோம். நான் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தேன்.

ஒரு நாள் மத்தியானம் கிராம சேவகர் சைக்கிளில் வந்தார். வீடு வீடாகக் கணக்கெடுப்பு என்றார். அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் என்பதால் அக்கா வீட்டில் இருந்தாள். எவ்வளவு படித்திருக்கிறாய் என்று என்னைக் கேட்டார். சொன்னேன். "அப்படின்னா நீயே எழுதும்மா, இந்த வெயில்ல என் கண்ணு எரியுது" என்று படிவத்தை என்னிடம் நீட்டிவிட்டுப் புங்கமர நிழலில் உட்கார்ந்தார்.

அரசாங்கத் தாளில் நான் எழுதியது அதுதான் முதல் தடவை. ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் ஓரத்தில் ஒரு கோடு கிழித்துக்கொண்டு, பரீட்சைத் தாளைப் போல ஆரம்பித்தேன். வீடு என்ற இடத்தில் 'ஓட்டு வீடு' என்று எழுதினேன். முன்பாதிக்குத்தான் ஓடு, பின்பாதி கூரை. மாத வருமானத்தைப் பன்னிரண்டால் பெருக்கச் சொன்னார். சாலை வேலை வருடத்தில் மூன்று நான்கு மாதம்தான் என்பதை நான் சொல்லவில்லை. பெருக்கினேன். விடை சரியாகவே வந்தது.

அடுத்தது கால்நடை. எங்கள் பட்டியில் பதினோரு ஆடுகள் இருந்தன. ஒன்பது ஆடுகள் இண்டூர் பக்கத்து விவசாயி ஒருவருடையவை. வாரத்துக்கு வளர்த்தோம்: மேய்ப்பது நாங்கள், பிறக்கும் குட்டிகளில் பாதி அவருக்கு. எங்கள் பக்கத்தில் வாரத்து ஆட்டை வாரத்து ஆடு என்று வெளியாளிடம் யாரும் சொல்வதில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணுக்கு முன்னால் பட்டியைத்தான் பார்ப்பார்கள். அக்காவைப் பார்க்க வந்தபோதும் அப்பா எல்லா ஆடுகளையும் காட்டி, நம்முடையவை என்றுதான் சொன்னார். அதைப் பொய் என்று யாரும் நினைப்பதில்லை.

"ஆடெல்லாம் உங்களுதாம்மா?" என்று கிராம சேவகர் கேட்டார்.

"ஆமாங்க சார்."

"பாப்பா..." என்று அக்கா வாசலில் நின்று ஆரம்பித்தாள். நான் திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தேன். அவள் நிறுத்திக்கொண்டாள். 'ஆடுகள் 11, சொந்தம்' என்று எழுதினேன். எழுத்து அச்சடித்தது போல இருக்கிறது என்று அவர் பாராட்டினார். பிறகு சாலை வேலை நடக்கும் இடத்துக்குப் போய் அப்பாவிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டார். படித்த மகள் எழுதியது என்பதால் அப்பா என்னவென்று கேட்கவில்லை. அது எதற்கான கணக்கு என்று நானும் கேட்கவில்லை.

சில வாரங்களில் செய்தி வந்தது. ஏழைக் குடும்பத்துப் பெண்களுக்கு ஆறு மாதம் தையல் பயிற்சி. மாதாமாதம் உதவித்தொகை உண்டு. முடித்தால் பேங்க் மூலம் மிஷின். அப்போது நானும் ஜல்லி உடைக்கப் போய்க்கொண்டிருந்தேன். கல் குவியலில் நாள் முழுக்க இதே பேச்சுதான். எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுத்தால் அப்புறம் கல் உடைக்க ஆள் எங்கே கிடைக்கும் என்று மேஸ்திரி வருத்தப்பட்டார். நீங்களே வந்து உட்காருங்கள் என்று பெண்கள் அவருக்குச் சுத்தியலை நீட்டினார்கள்.

அப்பாவுக்கு இதில் நம்பிக்கையே இல்லை. "ஊரே தீவாளிக்கு ஒருக்கா துணி எடுக்குது. இருவது புள்ளைங்களுக்குத் தையல் கத்துக்குடுத்தா ஆருக்குத் தைக்குங்க? ஒருத்தி பாவாடைய இன்னொருத்தி தைச்சிக்கணும். மழைக்கு வழி பண்ணச் சொல்லு சர்க்காரை."

எதிர்வீட்டு அத்தை தன் மகளுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருந்தார். அவர் விடவில்லை. "ஜல்லி ஒடைக்க எந்த சர்க்காரு அண்ணா உனக்குப் பயிற்சி குடுத்துச்சு? கட்டைவெரல் நசுங்கியிருக்குதே, அதான் உன் சர்டிபிகேட்டு. புள்ளைக்காவது காகிதத்துல ஒண்ணு கெடைக்கட்டும்."

வேலைப் பயிற்சிதான் வறுமையை ஒழிக்கும் என்று நான் பாடப்புத்தகத்தில் இருந்ததைச் சொன்னேன். எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். அக்கா சுத்தியலைக் கீழே வைத்தாள்.

"ஆறு மாசம் நெழல்ல உக்காந்து ஒரு வேலை கத்துக்கறேன்ப்பா. புள்ளையும் கூடவே இருக்கும். துணி வருதா வல்லையாங்கறத அப்பறமாப் பாத்துக்கலாம்."

மறுநாளே அவளைக் கூட்டிக்கொண்டு ஒன்றிய ஆபீசுக்குப் போனேன். ஏழைக் குடும்பங்களின் பட்டியலில் எங்கள் வீடு இல்லை. பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு விண்ணப்பமே தரக்கூடாது என்பது விதி என்றார் கிளார்க். தவறியிருக்கும், பாருங்கள் என்று நான் அடித்துப் பேசினேன். அவர் எரிச்சல்படாமல் கணக்கெடுப்புப் படிவக் கட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார். எழுதப் படிக்கத் தெரியாத அக்காதான் அந்தத் தாளை முதலில் அடையாளம் கண்டாள். ஓரத்தில் சிவப்புக் கோடு போட்ட தாள் அது ஒன்றுதான்.

"ஓட்டு வீடு. சொந்த ஆடு பதினொண்ணு. வருசம் பூரா வேலை" என்று படித்துவிட்டு கிளார்க் என்னைப் பார்த்தார். "இவங்கள ஏழைன்னு நான் எழுதினா என் வேலை போயிரும்மா."

எழுதியது நான்தான் என்று சொன்னேன். அவர் நல்ல மனிதர். ஆடுகள் தன்னுடையவை என்று சொந்தக்காரர் எழுதிக் கொடுத்தால், குறிப்பு வைத்து மேலே அனுப்புவதாகச் சொன்னார். பயிற்சி தொடங்குவதற்குள் கொண்டுவர வேண்டும்.

வெளியே வந்ததும் அக்கா திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "நா சொல்ல வந்தேன் பாப்பா. நீ பாத்ததும், படிச்ச புள்ள, அதுக்குத் தெரியாதான்னு உட்டுட்டேன்" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

அப்பாவும் நானும் இண்டூருக்குப் போனோம். ஆட்டுக்காரர் எங்களை உட்காரவைத்து மோர் கொடுத்தார். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார். அவரும் அதே கணக்கெடுப்பில் எழுதிக் கொடுத்திருந்தார். நிலத்தில் பெரும்பகுதி தம்பிகள் பேரில். ஆடு ஒன்றுகூட இல்லை. பட்டியலில் அவர் சிறு விவசாயி. கிணறு ஆழப்படுத்த மானியம் வந்துகொண்டிருந்தது.

"ஒம்போது ஆடு எனுதுன்னு எழுதிக்குடுத்தா என் மானியம் என்னாவுறது? அது உங்க பேருலயே இருக்கட்டும். பாப்பா எழுதுனபடிக்கு அது உங்க ஆடுதான். ஆனா நீ அப்பிடி நெனச்சிக்காத" என்று அப்பாவிடம் சொன்னார். இன்னும் வற்புறுத்தினால் ஆடுகளை ஓட்டிவந்து இங்கே கட்டிவிட்டுப் போகலாம் என்பதையும் அதே குரலில் சொன்னார். ஆடுகள் போனால் வருடத்துக்கு இரண்டு குட்டி விற்பதும் போய்விடும். அப்பா எழுந்து கும்பிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் அப்பா சொன்னார்: "அந்த சேவகரு என்னியக் கேட்டிருந்தாலும் நம்முளுதுன்னுதான் சொல்லியிருப்பேன்." எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு ஆறவில்லை. எங்கள் ஊரில் எல்லோருடைய பொய்யும் வாயோடு போகிறது. என்னுடையது மட்டும் அழகான எழுத்தில் ஆபீஸ் கட்டுக்குள் இருக்கிறது.

சாலை வேலையும் முடிந்தது. பெங்களூருக்குக் கட்டட வேலைக்கு ஆள் சேர்த்துப் போகும் வேறொரு மேஸ்திரியோடு அக்கா கிளம்பினாள். குழந்தையைக் கூட்டிப் போக முடியாது, தங்குவது தகரக் கொட்டகை. பயிற்சி தொடங்கிய அதே திங்கட்கிழமை அது. எதிர்வீட்டு அத்தையின் மகள் புதுச் செருப்பு போட்டுக்கொண்டு அதே பஸ்ஸில் ஏறினாள். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பயிற்சி நடந்த பென்னாகரத்தில் அத்தை மகள் இறங்கிக்கொண்டாளாம்.

ஆறு மாதம் கழித்து எங்கள் ஊருக்கு இரண்டு மிஷின்கள் வந்தன. அப்பா சொன்னது போலவே தைக்கத் துணி வரவில்லை. ஒன்றைத் தர்மபுரிக்குக் கொண்டுபோய் விற்றுவிட்டார்கள். அத்தை வீட்டு மிஷின் மேல் இப்போது குழம்புச் சட்டி இருக்கிறது. "நாந்தான் அன்னிக்கே சொன்னேனே. அக்கா போயிருந்தாலும் இதே கதிதான்" என்று அப்பா என்னிடம் பலமுறை சொல்லிவிட்டார். அவர் தனக்கே சொல்லிக்கொள்கிறார் என்று தெரிந்தும் ஒருநாள் நான் பொறுக்கவில்லை.

"ஆறு மாசம் அவ இங்க இருந்திருப்பாப்பா" என்றேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பட்டிப் பக்கம் போனார்.

பொங்கலுக்கு அக்கா வந்தாள். விரலிடுக்கெல்லாம் சிமெண்டு அரித்துப் புண்ணாகியிருந்தது. அதற்குள் அவள் மகள் என் அம்மாவை அம்மா என்று கூப்பிடத் தொடங்கியிருந்தாள். அக்காவைக் கண்டதும் ஓடிப்போய் என் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். நான் குழந்தையை இழுத்து, அம்மா இதுதான் என்று சொல்லிக்கொடுக்கப் போனேன். அக்கா என் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"வேணாம் பாப்பா. நா நாளானிக்குப் போயிருவேன்."