ரூபி கொண்டுபோன ஈரத்தோல்

மலைமேல் இருக்கும் மஞ்சக்குட்டை ஊர் ரூபிக்குக் காபி எஸ்டேட்டில் இன்னொரு பெயர் உண்டு, மூட்டை ரூபி. பதினாறு வருடம் காபிக்கொட்டை மூட்டைகளின் வாயைக் கோணி ஊசியால் தைத்தவள். இரண்டு மூலையிலும் சாக்கைத் திருகிக் காது வைத்துக் கட்டுவாள். லாரி ஏற்றுகிறவர்கள் அந்தக் காதைப் பிடித்துத்தான் தூக்குவார்கள். அவள் கட்டிய காது ஒன்றுகூடப் பிய்ந்ததில்லை என்று எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டரே சொல்லியிருக்கிறார். யாரையும் லேசில் பாராட்டுகிற மனிதர் அல்ல அவர்.

அந்தக் கைதான் இப்போது தோல் கைப்பை தைக்கிறது. ஏரிக்கரையில் கடை வைத்திருக்கும் ஷெர்லின் பைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நொம்ப நல்லா இருக்குதுங்க அக்கா. ஆனா கையில தெச்சா வாரத்துக்கு ரெண்டுதான் தர்றீங்க. மிஷின்ல இதே மாதிரி ஒண்ணு தெச்சுக் காட்டுங்க, சீசன் முழுக்க என் கடையில உங்க பைதான்."

சுற்றுலாக்காரர்கள் வரும் சீசனுக்கு ஒரு மாதம்தான் இருந்தது. வீட்டிலிருந்த துணி மிஷினில் முயன்று பார்த்தாள், ஊசி ஒடிந்தது. தோலில் தப்பாக விழுந்த ஓட்டை விழுந்ததுதான், துணியைப் போலப் பிரித்துத் தைக்க முடியாது. தோலுக்கென்றே மிஷின் வேண்டும். வாங்கினால் ஒன்றுதான் வாங்க முடியும். தப்பானது வந்து வீட்டில் உட்கார்ந்துவிட்டால் மறுபடியும் மூட்டைதான்.

ஒரு புதன்கிழமை, பக்கத்து வீட்டு சாந்தியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு சேலத்துக்கு பஸ் ஏறினாள். மடியில் ஒரு வாழையிலைப் பொட்டலம்.

மிஷின் கடை குழந்தைவேல் வாசலை ஒட்டியே ஒரு புது மிஷினை நிறுத்தியிருந்தார். அகலமான மேஜை, பளபளக்கும் தலை. இரண்டு தோல் துண்டைச் சேர்த்து வைத்து ஒரு மிதி மிதித்தார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோலத் தையல் ஓடியது.

"ஏனுங்க அம்மணி, இதுக்கு மேல என்னங்க வேணும்?"

"எடுத்துரு புள்ள, எனக்குப் பசிக்குது" என்றாள் சாந்தி.

ரூபிக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனாலும் பொட்டலத்தைப் பிரித்தாள். ஈரத்துணிக்குள் தோல் துண்டுகள்.

குழந்தைவேல் சிரித்துவிட்டார். "நான் மீனுன்னுல்ல நெனச்சேன்! தோலை எதுக்குங்க இப்படிப் பொதிஞ்சு கொண்டாந்தீங்க?"

"எங்க ஊர்ல பனி எறங்குனா ஊட்டுக்குள்ள வெச்ச தோலும் இப்படித்தானுங்க பொதபொதன்னு இருக்கும். உங்க வெயில்ல காஞ்ச தோலுல ஓடி எனக்கு என்னங்க ஆவப்போவுது?"

அவர் தைத்தார். பாதி வரை ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் மேல்தோல், அதை அழுத்திப் பிடிக்கும் மிஷின் பாதத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. அடித்தோல் மட்டும் முன்னால் போனது. தையல் முடிந்தபோது மேல் துண்டு ஒரு விரற்கடை மிஞ்சியிருந்தது, அடித்துண்டு சுருங்கியிருந்தது.

ரூபி அதே ஈரத்துணியிலிருந்து முக்கால்வாசி தைத்த பை ஒன்றை எடுத்து நீட்டினாள். "இந்த அடி மூலைய மட்டும் தெச்சுக் காட்டுங்க."

"எடுத்ததும் மூலையா?"

"மூட்டை நடுவுல பிஞ்சு நான் பாத்ததில்லீங்க."

அந்த அகல மேஜையில் பையைக் கவிழ்த்தாலும் மூலை ஊசிக்கடியில் வரவில்லை, நிமிர்த்தினாலும் வரவில்லை. ரூபியின் கண் கடைக்குள் போயிற்று. சுவரோரம் ஒரு பழைய மிஷின். மேஜைக்குப் பதில் உருளையாக ஒரு கை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. மிஷின் தலைமேல் ஒரு டீ கிளாஸ்.

"அது செருப்புக் கம்பெனில இருந்து வந்ததுங்க. ரிப்பேர் பாத்து வெச்சிருக்கேன். பெயிண்டெல்லாம் போயிருச்சு."

"நான் என்ன பெயிண்டையா தெக்கப்போறேன்? கிளாஸை எடுங்க."

நூல் கோத்ததும் அவளே உட்கார்ந்தாள். கைக்குச் சட்டை மாட்டுவதுபோல அந்த உருளையில் பையை மாட்டினாள். அதன் மூலை ஊசிக்கு நேராக வந்து நின்றது. ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். காலை லேசாக வைத்தாள். ஊசியும் பாதமும் ஒன்றாக அடியெடுத்து வைத்து, மேல்தோலையும் அடித்தோலையும் சேர்த்தே நகர்த்தின. ஆறு மடிப்பு வந்த இடத்தில் காலை எடுத்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றினாள். டக். டக். மூட்டைக் காதுக்குப் போடுவதுபோல இரண்டு தையல் பின்னால் வந்து, மறுபடி முன்னால் போனாள்.

குழந்தைவேல் மூலையைப் பிடித்து இழுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை இழுத்தார். ஒரு நூல் அசையவில்லை.

"மிஷின் விக்கற நானே இதுல டீ கிளாஸ் வெச்சிருந்தேன் பாருங்க" என்றார்.

"அதுக்கும் ஆவும்போல" என்றாள் சாந்தி.

பத்தாவது நாள், வாங்கிவந்த அந்தப் பழைய மிஷினில் தைத்த புதுப்பையை ஷெர்லினின் கடை மேஜைமேல் வைத்தாள் ரூபி. அங்கே விற்பனைக்கு இருந்த காபிக்கொட்டைப் பொட்டலங்களை அவளே எடுத்துப் பை பிதுங்க நிரப்பினாள்.

"தூக்கி ஆட்டிப் பாருங்க."

ஷெர்லின் ஆட்டினாள். பயந்து பயந்து முதலில். அப்புறம் ஊஞ்சல் மாதிரி. பிறகு மூலைகளைத் தடவிப் பார்த்து, பொட்டலங்களை வெளியே எடுத்துவிட்டு, தன் போனையும் சாவியையும் உள்ளே போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"இது என்னோடதுங்க அக்கா. கடைக்கு நாளையில இருந்து தெச்சுக் குடுங்க."