ஆணி இல்லாத பெட்டி

எங்கள் அண்ணனை மண்ணுக்குக் கொடுத்து ஓராண்டு ஓடிவிட்டது. அழுது தீர்ந்தது என்று சொல்ல முடியாது, அலுத்துப்போய் உட்கார்ந்திருக்கிறோம். இந்த நினைவு மலரை வாங்கும் உறவினர் பலருக்கு அடக்கத்தன்று நான் நடந்துகொண்ட விதத்தில் இன்னும் வருத்தம் உண்டு. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அண்ணன் விளாங்குடியில் பிறந்தார். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் எட்டாவதோடு படிப்பை விட்டு மரம் அறுக்கப் போனார். என்னையும் தங்கையையும் கரையேற்றியது அவருடைய செயின் ரம்பம்தான். மரம் சாயும்போது கயிறு பிடிக்க நானும் கூடப் போவேன்.

"எந்த மரம்ணே ரொம்பக் கெட்டி?" என்று போகிற இடமெல்லாம் கேட்பார்கள். காய்ந்த கருவேலம் ரம்பத்தின் பல்லை மழுக்கிவிடும். பனை நார் செயினில் சுற்றிக்கொள்ளும். கிழட்டுப் புளியின் வைரம் பாய்ந்த நடுக்கட்டையில் ரம்பம் புகைந்து நின்றுவிடும். அண்ணன் இதற்கெல்லாம் அசர மாட்டார்.

"வைரத்தக்கூட அறுத்துப்புடலாம். ஆணி அடிச்ச மரந்தேன் ஆளக் கொல்லும்" என்பார்.

பேயை இறக்கிப் புளியில் ஆணி அடிப்பது நம் பக்கத்து வழக்கம். பட்டை வளர்ந்து ஆணியை விழுங்கிவிடும். ரம்பம் அதில் பட்டால் செயின் அறுந்து ஆள்மேல் பாயும். அதனால் அறுக்கும் முன் மரத்தைச் சுற்றி விரலால் தடவி, மேடு தட்டுகிறதா என்று பார்ப்பார்.

கீழக்குயில்குடிப் பக்கம் ஒரு புளியை அப்படித் தடவிவிட்டுத்தான் ரம்பத்தை வைத்தார். செயின் அறுந்து தோளைக் கிழித்தது. தையல் போட்டுத் திரும்பும்போது சொன்னார்: "மிஷின் அதிர்ந்து அதிர்ந்து வெரலு செத்துப்போச்சுடா தம்பி. ரெண்டு வருசமா ஒண்ணுந் தெரியல. ஒம் மதினிகிட்டச் சொல்லிறாத."

சொல்லவில்லை. அண்ணன் பிள்ளைகள் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார்கள். அன்று முதல் நான் தடவினேன், அவர் அறுத்தார். நான் நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். மதினி, என்னை மன்னியுங்கள்.

கடைசி மாதம் நெஞ்சுச் சளியில் படுத்துவிட்டார். நினைவு தப்பும் நேரங்களில் கட்டில் சட்டத்தைத் தடவிக்கொண்டே இருப்பார்.

"ஆணி இருக்கா, பாத்துச் சொல்லு தம்பி."

நானும் கட்டிலைச் சுற்றித் தடவிவிட்டு, "இல்லண்ணே, சுத்தமா இருக்கு" என்பேன். அதற்குப் பிறகுதான் கண்ணை மூடுவார்.

அடக்கத்தன்று பெட்டி மூடிக்கு ஆணி அடிக்க வந்தவரிடமிருந்து நான் சுத்தியலைப் பிடுங்கி எறிந்தது இதனால்தான். துக்க வீட்டில் கூத்தடிக்கிறான் என்று பெரியவர்கள் ஏசியதும் என் காதில் விழுந்தது.

ஒரு வார்த்தை கேட்காமல் கயிறு கொண்டுவந்து பெட்டியைக் கட்டிய கல்லறைத் தோட்டக்காரருக்கும், பொறுமையாகக் காத்து நின்ற போதகர் ஐயாவுக்கும், ஆஸ்பத்திரியில் மாற்றி மாற்றி உடனிருந்த பசுமலை நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

குழியில் இறக்கும் முன் மூடியைச் சுற்றி ஒருமுறை தடவிப் பார்த்தேன். சுத்தமா இருந்துச்சுண்ணே.