தாண்டிப் படித்த பக்கங்கள்

“...முகப்பேர்ல படிச்சா அந்தம்மா செத்துப் பூடுது, பூந்தமல்லியில படிச்சா மட்டும் உசுரோட கீதா? அது எப்டிடா?”

அக்கா என்னைப் பார்த்து இப்படிக் கேட்டபோது போனைக் காதிலிருந்து இன்னும் எடுக்கவில்லை. மறுமுனையில் முகப்பேரில் இருக்கும் எங்கள் பெரியம்மா மகள். அக்காவின் பட்டியலில் முதலிடத்தில் இருந்த நாவலை வாங்கிப் படித்துவிட்டு, சந்தேகம் கேட்க அழைத்திருந்தார். நான் பூந்தமல்லியில் அக்கா வீட்டில், அவர் கட்டிலருகே நின்றிருந்தேன்.

அக்காவின் இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலருக்கும் அந்தப் பட்டியல் வந்திருக்கும். போகியன்று ஊரே பழையதைக் கொளுத்தும். அக்காவோ அந்த வருடம் படித்ததில் மூன்றைப் பொறுக்கி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதி உறவுக்கெல்லாம் அனுப்புவார். முன்பு அஞ்சலட்டையில், பிறகு போனில். போன வருடப் பட்டியல்தான் அவருடைய கடைசிப் பட்டியல். அதில் பிழை இருக்கிறது. பிழை என்னுடையது. அதை மறைத்துவிட்டு அக்காவின் பெருமையை மட்டும் எழுத எனக்கு மனசு வரவில்லை.

அக்கா பிறந்தது திருவேற்காட்டில். அம்மா தவறியபோது அவருக்குப் பதின்மூன்று வயது, எனக்கு நான்கு. எட்டாவதோடு பள்ளியை விட்டுவிட்டு, வயதைக் கூட்டிச் சொல்லி, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணிக் கம்பெனிக்குப் போனார். தைத்து வரும் சட்டைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் கத்தரிக்கும் வேலை. முப்பது வருடத்துக்கு மேல் அதையே செய்தார். போகும்போதும் வரும்போதும் கம்பெனி பஸ்ஸில் நின்றபடியே படிப்பார். “ஒக்கார எடம் இல்லன்னா இன்னா, கதைக்குள்ள பூந்துகினா எறங்குற வரிக்கும் கால் வலி தெரியாது” என்பார். என்னை ஆளாக்கிய பிறகுதான் கல்யாணம் செய்துகொண்டார். பிள்ளைகள் இல்லை. மாமா இருந்தார், புத்தகங்கள் இருந்தன.

சர்க்கரை முதலில் கண்ணைப் பிடித்தது, பிறகு சிறுநீரகத்தை. வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்கு என் ஆட்டோவில்தான் போய் வந்தார். பார்வை முழுக்கப் போனதும் புத்தகத்தை என் மடியில் போட்டு, “இனிமே நீதான்டா என் கண்ணாடி” என்றார். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன். சவாரிக்கும் சவாரிக்கும் நடுவே வந்து படித்துக் காட்டுவேன்.

ஆடி மாதம் ஒருநாள் டாக்டர் மாமாவையும் என்னையும் வெளியே அழைத்து, இனி சில மாதங்கள்தான் என்று சொன்னார். திரும்பும்போது மாமா என் தோளைப் பிடித்துக்கொண்டார். “அவகிட்ட மூச்சு வுடாத மச்சான். கதையில சாவு வந்தா கூட தாண்டிப் பூடு. அவ மனசு ஒடைஞ்சி பார்க்க என்னால ஆவாது.”

அன்றிலிருந்து அக்கா வீட்டில் எந்தக் கதையிலும் யாரும் சாகவில்லை. கப்பலில் சமையல்காரராக இருந்த ஒருவர் தன் வாழ்க்கையை எழுதிய புத்தகம். அதில் கடலில் விழுந்த கூட்டாளியை அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிட்டேன். பாம்புகளைப் பற்றிய சின்னப் புத்தகத்தில், கடித்தால் என்ன ஆகும் என்ற பகுதியை விட்டுவிட்டேன். இவை இரண்டும் பட்டியலில் இரண்டாவது, மூன்றாவது. முதலாவது, உப்பளத்தில் வேலை செய்து மூன்று பெண்களை வளர்க்கும் ஒரு தாயின் நாவல். பாதியிலேயே அந்தத் தாய் செத்துவிடுகிறார். நான் விடவில்லை. மூத்த மகள் பேசுவதையெல்லாம் தாய் பேசுவதாக மாற்றி, கடைசிப் பக்கம் வரை அவரை இழுத்துக்கொண்டு போனேன். வியர்த்துக் கொட்டும்.

“இன்னாடா, இந்தம்மா வர வர சின்னப் பொண்ணாட்டம் பேசுது?” என்று அக்கா ஒருமுறை கேட்டார்.

“ஒடம்பு தேறிடுச்சிக்கா, அதான்.”

போகியன்று அதற்கு அவர் சொல்லி நான் எழுதிய வரிகள் உங்களிடம் இருக்கும்: “மூன்று பெண்களையும் கரைசேர்த்துவிட்டுத் தானும் நன்றாக இருக்கிற ஓர் அம்மா. இப்படி ஒரு கதை கேட்டு எத்தனை நாளாயிற்று.” அதை நம்பி வாங்கிப் படித்து ஏமாந்தவர்கள் என்னை மன்னியுங்கள்.

மாசிக் கடைசியில் ஒரு விடியற்காலை அக்கா போய்ச் சேர்ந்தார். தவணை தாண்டிய புத்தகங்களுக்கு முகம் சுளிக்காத நூலகத்து அம்மாவுக்கும், நாள் தவறாமல் கஞ்சி அனுப்பிய பக்கத்து வீட்டு பாய் குடும்பத்துக்கும், என் முறை சவாரியை எடுத்துக்கொண்டு என்னை அக்காவிடம் விரட்டிய ஸ்டாண்டு நண்பர்களுக்கும், ஊசி குத்தும் முன் “அம்மா, இன்னிக்கு இன்னா கதை?” என்று கேட்ட நர்சுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

அந்த முகப்பேர் போன் வந்த அன்று நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அக்கா போனை வைத்தார்.

“எங்க செத்துச்சோ அங்கேர்ந்து படி.”

படித்தேன். நான்கு பக்கம். வாசற்படியில் மாமா வந்து நின்றார். முடித்ததும் அக்கா, “எனக்கு எதுவரிக்கும் சொன்னாங்க?” என்றார். நான் மாமாவைப் பார்த்தேன்.

“சித்திரை தாண்டாதுன்னாங்க” என்றார் மாமா, தரையைப் பார்த்து.

“ஆடியிலயே தெரியுமா?”

மாமா தலையை ஆட்டினார். அது அக்காவுக்குத் தெரியாதே என்று நான்தான், “தெரியும்க்கா” என்றேன்.

“ஆறு மாசம். எவ்ளோ வேல கீது எனுக்கு. ரெண்டு பேரும் சேந்து என்னிய கதை கேக்க வச்சிட்டீங்களேடா.”

அழவில்லை. திட்டவும் இல்லை. அதுவரை அடுப்புப் பற்றவைத்தறியாத மாமாவைக் கூப்பிட்டுக் கட்டிலில் பக்கத்தில் உட்காரவைத்தார். என்னிடமிருந்து பேனாவை வாங்கி, தடவித் தடவி அவர் கையில் திணித்து, “எழுதிக்கய்யா. நாலு ஆழாக்கு இட்லி அரிசிக்கு ஒரு ஆழாக்கு உளுந்து” என்று சொல்லத் தொடங்கினார்.