தல்லும் தள்ளும்

பழைய மல்யுத்த ஆட்டம் எதையாவது யாராவது போனில் ஓடவிட்டால் எனக்கு இப்போது பார்க்கப் பிடிப்பதில்லை. ஆட்டம் தொடங்கும் அந்த மணிச் சத்தம் காதில் விழுந்தாலே போதும், எழுந்து போய்விடுவேன். இத்தனைக்கும் சில வருடங்கள் நானே அவற்றை உட்கார்ந்து பார்த்து, இது நல்ல ஆட்டம், இது சொத்தை ஆட்டம் என்று ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொன்னவன். பக்கத்தில் என் தங்கையின் கணவன் உட்கார்ந்திருப்பான். எந்த அடி மெய், எந்த அடி பொய் என்று நாங்கள் இருவரும் கொச்சி மட்டாஞ்சேரியில் மைக் வைத்து ஆராய்ந்துகொண்டிருந்த காலத்தில், பள்ளுருத்தியில் என் தங்கை அவன் கையால் மெய்யடி வாங்கிக்கொண்டிருந்தாள்.

மரியாதைக்கு ‘அவர்’ என்று எழுதிப் பார்த்தேன். கை வரவில்லை. அவன் என்றே எழுதுகிறேன்.

கடைவீதியில் எனக்கு பிளாஸ்டிக் சாமான் கடை. குடம், வாளி, ஸ்டூல், முறம். மாடியில் சரக்கறை. மச்சான் இடப்பள்ளியில் ஒரு டைல்ஸ் கடையில் விற்பனையாளன். அவன் பெண் பார்க்க வந்த அன்றே அவனும் நானும் பழைய மல்யுத்தம் பேசத் தொடங்கி, கொண்டுவந்து வைத்த சாயா ஆறிப்போனது. இருவரும் ஒரே காலத்தில் கேபிள் டிவி முன்னால் வாய் பிளந்து கிடந்தவர்கள். “ரெண்டு பேருக்கும் நல்லா ஒத்துப்போச்சு” என்று அம்மா அன்றைக்குச் சந்தோஷப்பட்டாள். யாருக்கும் யாருக்கும் ஒத்துப்போயிற்று என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு அவன்தான் யோசனை சொன்னான். பழைய ஆட்டங்களைத் தமிழில் விமர்சித்து ஒரு சேனல் நடத்தலாம் என்றான். ஞாயிறு மத்தியானம் கடையை மூடியதும் சரக்கறையில் வாளி அடுக்குகளுக்கு நடுவில் இரண்டு ஸ்டூல் போட்டு உட்கார்வோம். தமிழ்நாட்டிலிருந்து பார்ப்பவர்கள் எங்கள் பேச்சைக் கிண்டல் செய்வார்கள். ‘மலையாளத்தைத் தமிழ் எழுத்துல பேசுறாங்கடா’ என்று எழுதுவார்கள். எழுதட்டும். அப்படிக் கிண்டல் செய்தே அவர்கள் பெருகினார்கள். எனக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிற்று.

ஆனால் உண்மையைச் சொன்னால், அந்த ஆட்டங்களைத் திரும்பப் பார்ப்பதே ஒரு தண்டனை. சிறுவயதில் மலை மலையாகத் தெரிந்த ஆட்கள், இப்போது பார்த்தால் எண்ணெய் பூசிக்கொண்டு ஜட்டியோடு நிற்கும் தொப்பை சரிந்த நடுத்தர வயதுக்காரர்கள். விரலில் சுற்றிய துணிக்குள் பிளேடுத் துண்டை ஒளித்துவைத்து, குப்புற விழுந்து கிடக்கும்போது தானே நெற்றியைக் கீறிக்கொள்வார்கள். ரத்தம் வியர்வையோடு கலந்து தாடி வரைக்கும் வழியும். ரத்தம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு உயர்ந்த ஆட்டம் என்பது ரசிகர்களின் கணக்கு. தலையில் துண்டு கட்டி, ரிங்கின் நடுவில் மண்டியிட்டுத் தொழுவதுபோல் பாவனை காட்டுகிறவன் எப்போதும் வில்லன். கூட்டம் அவன்மேல் காறித் துப்பும். சிறுவயதில் அந்த ஆள் வந்தால் எங்கள் அப்பா, அத்தா என்போம், எழுந்து டிவியை அணைத்துவிடுவார். அதையெல்லாம் நாங்கள் மறுபடி தோண்டி எடுத்து, ‘பொற்காலம்’ என்று தலைப்புப் போட்டோம். குப்பையைக் கிளறி மணக்கிறது என்று சொல்கிற வேலை.

எங்கள் வீடியோ ஒன்றின் கீழே ஒரு கொச்சிக்காரப் பையன், ‘இது தல்லல்ல, தள்ளாணு’ என்று எழுதியிருந்தான். மலையாளத்தில் தல்லு என்றால் அடி. தள்ளு என்பது நாம் தள்ளுகிற அதே தள்ளு. இந்தக் காலத்துப் பையன்கள் வாயில் அதற்குக் கதை அளப்பது என்றும் பொருள். இது அடியே இல்லை, அத்தனையும் அளப்பு என்று அவன் சொல்கிறான். மச்சானுக்கு அந்த வரி ரொம்பப் பிடித்துப்போனது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆட்டத்தின் முடிவிலும், “நண்பர்களே, இது தல்லா, தள்ளா?” என்று கேட்பான். தீர்ப்பு என்னுடையது.

அதில் நான் கெட்டிக்காரன். பொய்யடி வாங்குகிறவன் அடிக்காகக் காத்திருப்பான். முகத்தை வாகாகக் காட்டுவான். அடி வந்து சேர்ந்த பிறகுதான் துடிப்பான். மெய்யடி தெரிந்தவனுக்கு எதிராளியின் கை உயரும்போதே கண் மூடிவிடும், தோள் காதுவரை ஏறிவிடும். உடம்புக்கு நடிக்கத் தெரியாது. இதை மைக்கில் எத்தனையோ தடவை பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு ஞாயிறு தங்கை வீட்டில் எனக்குச் சாப்பாடு. பள்ளுருத்தியில் மாடி வீடு. கீழே இடக்கொச்சியில் இறால் உரிக்கப் போகும் ஒரு சேச்சி குடியிருக்கிறார். தங்கை மரவள்ளிக் கப்பையும் மீன் கறியும் வைத்திருந்தாள். அவனுக்குப் பரிமாறிக்கொண்டிருந்தாள். அவன் என்னிடம் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டே, அவள் தலைக்கு மேலே அலமாரியில் இருந்த ஊறுகாய் பாட்டிலை எடுக்கக் கையை உயர்த்தினான்.

அவள் கண் மூடியது. தோள் ஏறியது. கரண்டி பிடித்த கை முகத்துக்கு முன்னால் வந்தது.

அவன் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினான். அவள் கண்ணைத் திறந்து, “கொசு” என்று சொல்லிச் சிரித்தாள். அவள் முழங்கைக்கு மேலே பச்சையாகக் கன்றிய ஒரு தடமும் இருந்தது. “படியில விழுந்துட்டேன்” என்றாள், நான் கேட்பதற்கு முன்பே. அவன் கறி நன்றாயிருக்கிறது என்று விரலைச் சப்பிக்கொண்டிருந்தான். எத்தனை ரத்தம் பார்த்தவன் நான். அந்தச் சப்புகிற சத்தத்தைத்தான் என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

இறங்கி வரும்போது கீழ்வீட்டுச் சேச்சி வாசலில் நின்றார். குரலைத் தணித்துச் சொன்னார்.

“மோனே, விஷமிக்கருது. அவன் அவளெ தல்லுந்நுண்டு. ஞங்ஙள் தாழெ கேக்காறுண்டு.”

வருத்தப்படாதே, அவன் அவளை அடிக்கிறான், கீழே எங்களுக்குக் கேட்கும் என்று சொல்கிறார். அதே வார்த்தை. நாங்கள் மைக் முன்னால் வைத்துப் பந்தாடிய வார்த்தை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சேச்சி சொன்னதை அப்படியே சொன்னேன். அம்மா செங்கோட்டைப் பக்கத்துக்காரி. கல்யாணமாகி இங்கே வந்து இத்தனை காலமாகியும் மலையாளம் அரைகுறை. லகரம் ளகரம் எல்லாம் அவள் நாக்குக்கு ஒன்றுதான். அத்தா தொழப் பள்ளிக்குப் போயிருக்கிறார் என்று அவள் சொன்னால் பல்லிக்குப் போனதாகத்தான் எங்களுக்குக் கேட்கும்.

“தல்லுனாராமா? கோவத்துல புடிச்சு ஒரு தல்லு தல்லியிருப்பாரு” என்றாள் அம்மா. “உங்க அத்தா என்னைய தல்லுனதில்லையா?”

“தள்ளல்லம்மா. அடி. அடிக்கிறான்.”

அம்மா முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. “எறா உரிக்கிறவ பேச்சக் கேட்டுக்கிட்டு வந்து நிக்கிறியா? அடிக்கிற கைதான் அணைக்கும். நீ உன் சோலியப் பாரு.”

அம்மாவுக்கு விளங்கவில்லை என்று நான் இன்றும் நம்பவில்லை. அவளுக்கு அந்த ளகரம் தேவைப்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். அடிக்கிற கைதான் அணைக்குமாம். அந்தப் பழமொழியை முதலில் சொன்னவன் நிச்சயம் அடி வாங்கியவனாக இருக்கமாட்டான்.

அடுத்த ஞாயிறு அவன் வழக்கம்போல் விசில் அடித்துக்கொண்டு சரக்கறைக்கு வந்தான். என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று வாரம் முழுக்க மென்றுகொண்டிருந்தேன். அன்றைய ஆட்டம் ஒரு ரசிகர் விரும்பிக் கேட்டது. அவன் தேர்ந்தெடுத்து வைத்திருந்தான். தோற்றுப்போன மல்லன் ஒருவன், ரிங்குக்கு வெளியே நிற்கும் தன் மனைவிமேல் பழி போடுகிறான். முடியைப் பிடித்து உள்ளே இழுத்து, கன்னத்தில் அறைந்து மூலையில் எறிகிறான். கூட்டம் எழுந்து நின்று கை தட்டுகிறது. குழந்தையைத் தோளில் வைத்திருக்கும் ஆட்கள்கூடச் சிரிக்கிறார்கள்.

அவன் மைக்கை அருகில் இழுத்துக்கொண்டான். “பாருங்க நண்பர்களே, அடிக்கிறவன் மேல ஒரு குத்தமும் இல்ல. வாங்குறவளுக்குத்தான் சரியா வாங்கத் தெரியல. ஓவரா அழுவுறா. இது தல்லா, தள்ளா? மச்சான், பறயூ, சொல்லுங்க.”

நான் லேப்டாப்பை அறைந்து மூடினேன்.

“எந்தா மச்சான்?”

“என் தங்கச்சிய அடிக்கிறியா?”

அவன் முதலில் மைக் அணைந்திருக்கிறதா என்று பார்த்தான். பிறகு சிரித்தமாதிரி உதட்டை வைத்துக்கொண்டு கேட்டான்: “அவ சொன்னாளா?”

இல்லை என்று சொல்லவில்லை. யார் சொன்னது என்றுகூடக் கேட்கவில்லை. சீ! இந்த வாயோடு சேர்ந்து எத்தனை சாயா குடித்திருக்கிறேன்.

“செரி, நான் வீட்டுக்குப் போயி அவகிட்டயே கேட்டுக்கறேன்” என்று சொல்லி பைக் சாவியைத் தேடினான். அந்தக் குரல் எனக்கு விளங்கியது. இப்போது இவன் போய்ச் சேர்ந்தால் அவள் சொன்னதற்கும் சேர்த்து வாங்குவாள், சொல்லாததற்கும் வாங்குவாள். நான் எழுந்து வெளியே வந்து, சரக்கறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். உள்ளே வாளி அடுக்கு சரியும் சத்தம் கேட்டது. கதவை உதைத்தான். மச்சான் மச்சான் என்று கத்தினான். பக்கத்துக் கடைக்காரர் பிறகு திறந்துவிட்டாராம்.

அம்மாவைக் கையோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பள்ளுருத்திக்குப் போனேன். வழியெல்லாம் அவள் திட்டிக்கொண்டே வந்தாள். மாப்பிள்ளையை அடைத்துப் போடுவது எந்த ஊர் வழக்கம் என்றாள். நாலு பேர் கேட்டால் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகவேண்டும் என்றாள்.

தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள். எங்களைச் சேர்த்துப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. அம்மா கட்டிலில் உட்கார்ந்து, “எல்லா வீட்டுலயும் உள்ளதுதாம்மா” என்று தொடங்கினாள். நான் குறுக்கே விழுந்து, “ஏன் என்கிட்ட சொல்லல?” என்று கேட்டேன். கேட்ட குரலில் கோபம் அதிகம். அவள்மேல் கோபப்பட எனக்கு என்ன இருந்தது என்று தெரியவில்லை.

“என்னன்னு சொல்ல? நீங்க ரெண்டு பேரும் அங்க சிரிச்சுக்கிட்டு இருக்கீங்க.” மடித்த துணியை மறுபடி உதறினாள். “ஆனா உன் வீடியோ ஒண்ணு விடாமப் பாத்தேண்ணே. ஒண்ணுல நீ சொன்னியே, பின்னால விழறப்ப தாடைய நெஞ்சோட ஒட்டி வச்சுக்கணும், உள்ளங்கையால தரைய அடிக்கணும், அப்பத்தான் மண்டை தரையில படாதுன்னு. அதப் பாத்துப் பாத்துப் படிச்சேன். அவரு வேலைக்குப் போனதும் இங்க பாய விரிச்சு விழுந்து விழுந்து பழகுனேன். அதுக்கப்புறம் மண்டையில அடிபடல.”

அவள் குறை சொல்லவில்லை. எனக்கு நன்றி சொல்வதுபோல்தான் சொன்னாள்.

அம்மா தரையைப் பார்த்தாள், பாய் விரித்திருந்த இடம் எது என்று தேடுவதுபோல. பிறகு எழுந்து, மடித்து வைத்த துணிகளில் மகளுடையதை மட்டும் பிரித்துப் பையில் போட்டாள். “செருப்பப் போடு” என்றாள்.

ஆட்டோவில் தங்கை நடுவில் உட்கார்ந்தாள். தோப்பும்படி தாண்டியதும் வண்டி ஒரு குழியில் இறங்கித் தூக்கிப்போட்டது. நானும் அம்மாவும் கம்பியைப் பிடித்துக்கொண்டோம். அவள் பிடிக்கவில்லை. அவள் தாடை தானாகப் போய் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது, உள்ளங்கை இரண்டும் சீட்டில் விரிந்தன. அம்மா அதைப் பார்த்தாள். தன் கையை அவள் பின்மண்டைக்கு அடியில் கொண்டுபோய் வைத்தாள். மட்டாஞ்சேரி வரும்வரை எடுக்கவில்லை.