உருண்டையில் ஒட்டாத மயில்

ஒன்பதாம் வகுப்போடு ஊர் சுற்றக் கிளம்பியவன் நான். எந்த வேலையும் ஒரு சீசனைத் தாண்டியதில்லை. சிவகாசியில் ஐந்தாவதாகச் சேர்ந்த பட்டாசுக் கம்பெனியில், முதல் நாளே முதலாளி அண்ணாச்சி வெடிமருந்து அடைக்காத காலி உருண்டை ஒன்றையும், தோகை விரித்த மயில் அச்சிட்ட லேபிளையும் தந்தார்.

“ஏலே, ஒரு சுருக்கம் இல்லாம ஒட்டணும். பெரிய ஆர்டர். ஒட்டிட்டன்னா உனக்கு இங்கன நிரந்தர வேலை.”

கழுத்து படிந்தால் தோகை சுருங்கியது. தோகையை நீவினால் கழுத்து மடிந்தது. மெல்லிய தாளிலும் அதே கதை.

“அண்ணாச்சி, மயிலுக்குத் தொப்பை விழுந்துருச்சு!” பக்கத்தில் பெட்டி ஒட்டிய அக்கா சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

சாயங்காலம் உருண்டையோடு வீட்டுக்கு வந்தேன். எனக்கு வாடகைக்கு அறை தந்திருந்த வீட்டுக்காரம்மா கணக்கு டீச்சர்.

“இது ஒட்டாது தம்பி. காஸ்னு ஒரு ஜெர்மன்காரரு எப்பவோ நிரூபிச்சிட்டாரு.”

“அவரு பட்டாசுக் கம்பெனியா டீச்சர்?”

“கணக்கு மேதைப்பா. நெலமும் அளந்தவரு.” பாதியாக வெட்டிய ரப்பர் பந்தைத் தரையில் கவிழ்த்தார். “தட்டையா அமுக்கு பாப்போம்.”

அமுக்கினேன். விளிம்பு கிழிந்தது.

“பாத்தியா? ஒண்ணு கிழியணும், இல்ல இழுபடணும். தாள் உருண்டையாகுறதுக்கும் அதுதான். தட்டைத் தாளுல இருந்த ஜாமெட்ரிய காஸ் வளைவுக்குக் கொண்டுபோனாரு. அவருகிட்ட படிச்ச ரீமான், நாம நிக்கிற இந்த அண்டவெளியே வளைஞ்சிருக்கலாம்னு அதுக்கும் கணக்குப் போட்டாரு.”

பந்து புரிந்தது. வெளி எப்படி வளையும்? மறுநாள் வெம்பக்கோட்டை பஸ்ஸில் வேலைக்குப் போகையில் ஜன்னல் வழியே உற்றுப் பார்த்தேன். எல்லாம் நேராகத்தான் கிடந்தது.

இறங்கியதும் அண்ணாச்சியிடம், “முடியாதுன்னு ஜெர்மனியில சொல்லிட்டாக அண்ணாச்சி” என்றேன்.

“அப்ப சம்பளத்தையும் அங்கனயே போய் வாங்கிக்கலே.”

வேலை போயிற்று.

தீபாவளிக்கு முன் ஒரு கடையில் அதே உருண்டையைப் பார்த்தேன். மயில் ஒட்டியிருந்தது. ஒரு சுருக்கம் இல்லை. வாங்கிப் போய் டீச்சரிடம் நீட்டினேன்.

“தாள் இல்ல தம்பி, தொட்டுப் பாரு.”

இழுத்து மாட்டிய பிளாஸ்டிக் உறை. இழுத்ததில் மயிலின் கழுத்து வாத்துக் கழுத்தாகப் பருத்திருந்தது.

காஸ் சொன்னதும் சரி. அண்ணாச்சிக்கு ஆர்டரும் முடிந்தது. அப்படியானால் எனக்கு மட்டும் ஏன் வேலை போனது? வெகுநாள் குழம்பினேன்.

இப்போது புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். ‘முடியாது’ என்பது நிஜமாகவே இருந்தாலும் அதோடு நிற்காதீர்கள். எதை விட்டுக்கொடுத்தால் முடியும் என்று முதலாளியிடம் கேளுங்கள். சுருக்கம் கூடாது என்றுதான் அண்ணாச்சி சொன்னார். மயில் மயிலாக இருக்க வேண்டும் என்று அவர் சொல்லவே இல்லை.