பூவம் பீர் ஆலைக்கு எட்டு மாதம் தாமதமாக

பீர் ஆலைக் கழிவுநீரிலிருந்து மின்சாரம் எடுக்கிறேன், வந்து பார் என்று கல்லூரித் தோழி கலைவாணி கூப்பிட்டது ஆனி மாதம். நான் காரைக்கால் போனது மாசியில்.

படிக்கும்போது இருவரும் சேர்ந்து ஒரு வாளிக் கழிவுநீரில் இதைச் செய்து பார்த்தோம். காற்றுப் புகாத தொட்டியில் நுண்ணுயிர்கள் கழிவின் சர்க்கரையைத் தின்று எலக்ட்ரான்களை விடும். கரித்தகடு அவற்றைக் கம்பிக்கு அனுப்பும். தண்ணீரும் தெளியும், சின்ன விளக்கும் எரியும். பிறகு நான் சென்னையில் வேலைக்குப் போய்விட்டேன். அவள் பூவம் அருகே ஒரு சிறிய ஆலையின் பின்புறம் ஆறு தொட்டிகள் வைத்தாள்.

காலை 5.40க்குச் சென்னையில் ஏறி, மதியம் 1.10க்குக் காரைக்காலில் இறங்கினேன். அங்கிருந்து பூவத்துக்கு ஏறக்குறைய பத்து கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 250 ரூபாய். (சென்னைப் பேருந்து பூவம் வழியாகத்தான் வருகிறது. அங்கேயே இறங்கியிருக்கலாம்.)

"முன்னாடி அந்த ஆலை வாய்க்கால மூக்கப் பொத்திக்கிட்டுத்தாங்க தாண்டுவோம். நடுவுல நாத்தமே இல்ல. இப்ப மறுபடி அடிக்கிது" என்றார் ஆட்டோக்காரர்.

கலைவாணி ஆலை வாசலில் நின்றாள். பின்புறம் ஆறு தொட்டிகளும் காய்ந்து கிடந்தன.

"கார்த்திகையிலயே முடிஞ்சிடுச்சி. பாட்டில் கழுவுன காஸ்டிக் சோடாத் தண்ணி மொத்தமா உள்ள வந்துட்டு. எல்லாம் செத்துப்போச்சி."

ஐப்பசியில் அவள் போன் செய்திருந்தாள். "கரண்ட் கொறையுது, ஒரு நாள் வந்துட்டுப் போயேன்" என்றாள். ஆடிட் முடியட்டும் என்றேன். எப்போது குறைகிறது என்றுகூடக் கேட்கவில்லை.

கேட்டிருந்தால், பாட்டில் கழுவும் நாளில் என்று சொல்லியிருப்பாள். கல்லூரியிலும் ஒருமுறை பாட்டில் கழுவிய நீர் கலந்து அப்படித்தான் செத்தது. அதன்பிறகு கழுவிய நீரைத் தனி டிரம்மில் பிடித்து, காரத்தைத் தணித்து, கொஞ்சம் கொஞ்சமாக விட்டோம். அந்த வேலையைப் பார்த்தது நான், அவள் கரித்தகடுகளோடு இருந்தாள். அந்த நோட்டும் என்னிடமே இருக்கிறது. தொட்டிகளின் பக்கத்தில் நின்றுகொண்டு இதை அவளிடம் சொன்னேன்.

"இத போன்லயே சொல்லியிருக்கலாமேடி" என்றாள்.

நோட்டை அனுப்பட்டுமா என்றேன். "இனிமே என்னத்துக்கு" என்றாள். காரைக்காலில் ஒரு பள்ளியில் வேதியியல் எடுக்கிறாளாம். எனக்காக அரைநாள் விடுப்பு போட்டிருந்தாள். என்னைத் திட்டியிருந்தால் தேவலை. "சாப்ட்டியா?" என்றுதான் கேட்டாள்.

போக நினைப்பவர்களுக்கு: பகலில் பூவத்துக்கு அடிக்கடி பேருந்து உண்டு. ஆலைக்குள் நுழைய முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். ஆனால் தொட்டிகளைப் பார்க்க என்று யாரும் கிளம்ப வேண்டாம். சித்திரையில் அவற்றை உடைத்துவிட்டு அந்த இடத்தில் பாட்டில் கிடங்கு கட்டப்போகிறார்கள்.