கையில் மீந்த எண்ணெய்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் எங்கள் வீட்டில் நடந்தது இது. எங்கள் ஊர் சுசீந்திரத்திலிருந்து பஸ்ஸில் பத்து நிமிடம். வீட்டைச் சுற்றிப் பதினாறு தென்னை நிற்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டுக்கு வந்த மருமகளுக்குத் தேங்காய் ஆகாது.

ஆகாது என்றால் பிடிக்காது என்று அர்த்தமில்லை. சாப்பிட்டால் உதடு வீங்கும், தொண்டை அடைத்துக்கொள்ளும். என் மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். அவளும் அதே ஆபீஸ்தான். சொந்த ஊர் வேலூர்ப் பக்கம். கல்யாணத்துக்கு முன்பே மகன் போனில் இதை மூன்று தடவை சொன்னான்.

"துருவல் மட்டும் இல்லம்மா. தேங்காப் பால், எண்ணெ, ஒண்ணுமே கூடாது. கேட்டியா?"

கேட்டுக்கொண்டேன். ஆனால் எங்கள் ஊரில் இதை யாரிடம் சொன்னாலும் சிரித்தார்கள். என் கணவரின் அக்கா அடுத்த தெருவில் இருக்கிறார். மைனி என்று கூப்பிடுவேன். நல்ல மனசு, ஆனால் வாய் பெரிசு. "ஒரு கீத்து தேங்கா தின்னா உயிரா போயிரும்? நாலு நாள் அறியாம போட்டுக் குடுட்டி, தன்னால பழகிரும்" என்று என்னிடம் சொன்னார். நான் பதில் சொல்லவில்லை. நான் பொதுவாகவே பதில் சொல்வதில்லை. பத்தாவது வரை படித்தேன். அங்கேயும் டீச்சர் பெயர் கூப்பிடும்போது நான் சொல்லும் 'உள்ளேன்' பக்கத்தில் இருப்பவளுக்கு மட்டும்தான் கேட்கும். விருந்தாளி வந்தால் பரிமாறிவிட்டு அடுக்களை வாசலில் நின்றுகொள்வேன். யாராவது எதையாவது கேட்டால்தான் வெளியே வருவேன்.

கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக ஒரு வாரம் தங்குவதற்கு இருவரும் வந்திருந்தார்கள். எனக்குத் தெரிந்த சமையலில் அவியல், தீயல், மீன் குழம்பு என்று எதை எடுத்தாலும் தேங்காய் இருக்கும். அதை எடுத்துவிட்டால் எனக்குச் சமைக்கவே தெரியாது என்று அந்த வாரம்தான் தெரிந்துகொண்டேன். வந்த முதல் மூன்று நாளும் அந்தப் பிள்ளை தயிர்சாதமும் அப்பளமும்தான் சாப்பிட்டது. முகம் சுளிக்கவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் வெக்கை தாங்காமல் கூடத்தில் படுத்திருந்தவள், போனில் ஒரு படத்தைக் காட்டினாள். சுட்ட கோழி, தக்காளித் துண்டுகள், நடுவில் வெள்ளையாகச் சீஸ்.

"வெயில் காலத்துல நான் இதுதான் செஞ்சு சாப்பிடுவேன் அத்தை. சும்மா சாலட்தான். சீஸ்கூடக் கடையில வாங்க வேணாம், பால்ல எலுமிச்சை புழிஞ்சு வீட்டுலயே செய்யலாம்."

அவள் சும்மா சொன்னதுதான். செய்து கொடுங்கள் என்று கேட்கவில்லை. ஆனால் நான் அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். மறுநாள் காலையில் அவர்கள் வட்டக்கோட்டைக்குப் போவதாக இருந்தது. திரும்பி வருவதற்குள் செய்து வைத்துவிட வேண்டும். மகனைத் தனியாகக் கூப்பிட்டு, நாகர்கோவிலில் ஆலிவ் எண்ணெய் ஒரு சின்ன பாட்டில் வாங்கி வரச் சொன்னேன்.

"உனக்கு எதுக்கும்மா அது?"

"ஒண்ணும் இல்ல மக்கா, வாங்கிட்டு வா. அவகிட்டச் சொல்லாத."

செய்முறைக்கு வீடியோ பார்த்தேன். ஒரு பெண் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே செய்தாள். பேச்சு எனக்குப் புரியவில்லை. அதனால் சத்தத்தைக் குறைத்துவிட்டு அவள் கையை மட்டும் பார்த்தேன். கை செய்வது புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் கிளம்பியதும் வேலையை ஆரம்பித்தேன். முதலில் அடுக்களையைத் துடைத்தேன். கத்தி, பலகை, தட்டு எல்லாவற்றையும் இரண்டு தடவை கழுவினேன். தேங்காய் துருவும் திருவலையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். தேங்காய் எண்ணெய்த் தூக்கு அடுக்களையில் இருக்கவே கூடாது என்று அதை எடுத்துப்போய்ப் புறவாசல் சுவர்மேல் வைத்தேன். எங்கள் தென்னையில் வெட்டிய தேங்காயைக் காயவைத்துச் செக்கில் ஆட்டிய எண்ணெய் அது.

பாலைக் காய்ச்சி எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருக்கும்போது மைனி வந்தார். பாத்திரத்தை எட்டிப் பார்த்தார்.

"நல்ல பாலையெல்லாம் திரிய விட்டுட்டியேட்டி!"

"திரிய விடத்தான் மைனி புழிஞ்சேன்."

"உனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு, என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று அங்கேயே ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

திரிந்த பாலைப் புதுத் துண்டில் கட்டிப் பிழிந்தேன். மேலே வைத்து அழுத்துவதற்கு அம்மிக் குழவியை எடுத்தேன். தினமும் தேங்காய் அரைக்கிற குழவி என்று ஞாபகம் வந்ததும் அதைத் திரும்ப வைத்துவிட்டு, ஒரு குடம் தண்ணீரைத் தூக்கி வைத்தேன். மைனி சிரித்தார். தக்காளியைத் தடியாக வெட்டி உப்புப் போட்டேன். வெள்ளரிக்காயும் புதினாவும் சேர்த்தேன். கோழியின் நெஞ்சுக்கறியில் பூண்டு, மிளகு, எலுமிச்சைச் சாறு, ஆலிவ் எண்ணெய் புரட்டி ஊறவைத்தேன்.

சுடுவதற்குப் புறவாசலில் மூன்று செங்கல் வைத்துக் கனல் போட்டேன். எங்கள் ஊரில் கனலுக்குத் தேங்காய்ச் சிரட்டைதான் போடுவோம். அது வேண்டாம் என்று புளியம் விறகு எரித்தேன். அந்த அளவுக்குக் கவனமாக இருந்தேன். அதனால்தான் பிறகு நடந்ததை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.

கறி கம்பி வலையில் ஒட்டிக்கொண்டது. ஒரு பக்கம் காய்ந்து கருகத் தொடங்கியது. புகை கண்ணில் ஏறியது. அந்த அவசரத்தில் என் கை பக்கத்துச் சுவருக்குப் போயிருக்கிறது. தூக்கில் விரலை விட்டு எண்ணெய் எடுத்து, கறியின்மேல் தெளித்துத் திருப்பிப் போட்டேன். இருபத்தெட்டு வருடமாகச் செய்கிற காரியம். மூச்சு விடுவதை நாம் கவனிக்கிறோமா, அப்படித்தான் அதுவும். மணம் வரவில்லையா என்று கேட்கலாம். எங்களுக்கு அது எண்ணெயின் மணமே இல்லை, வீட்டின் மணம்.

பகல் ஒன்றரை மணிக்கு இருவரும் வந்தார்கள். சாலடைப் பெரிய தட்டில் அடுக்கி மேசையில் வைத்தேன். மருமகள் பார்த்ததும் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"அத்தை! இது எப்போ செஞ்சீங்க?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சாப்பிடுங்கள் என்று கையைக் காட்டிவிட்டு அடுக்களை வாசலுக்கு வந்துவிட்டேன். மேசையில் கணவர், மகன், மைனி, மருமகள் நான்கு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் முதலில் ஒரு தக்காளித் துண்டும் சீஸும் எடுத்துச் சாப்பிட்டாள். அப்படியே கடையில் வாங்கியது போல் இருக்கிறது என்று மகனிடம் சொன்னாள். இன்னொரு வாய் எடுத்தாள். மைனி தட்டை இழுத்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மனசு நிறைந்து இருந்தது.

நெற்றியில் முடி வந்து விழுந்தது. ஒதுக்கினேன். விரல் வழுக்கியது. அன்றைக்கு நான் தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை, காலையில் சீயக்காய் போட்டுக் குளித்திருந்தேன். பிறகு முடியில் எண்ணெய் எப்படி வந்தது?

சமைக்கும்போது கையில் எண்ணெய் மீந்தால் தலையில் துடைத்துக்கொள்வது எங்கள் ஊர்ப் பெண்களின் பழக்கம். வீணாக்க மனசு வராது. எந்த எண்ணெய், எப்போது, எதற்கு எடுத்தேன் என்பதெல்லாம் ஒரே சமயத்தில் ஞாபகம் வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அவள் கோழித் துண்டைக் கையில் எடுத்திருந்தாள்.

கூப்பிட நினைத்தேன். குரல் வரவில்லை. அது மட்டும் என்றால் பரவாயில்லை. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, இன்னொன்றும் மனசில் ஓடியது. ரெண்டு சொட்டுதானே, கனலில் எரிந்து போயிருக்கும். இப்போது சொன்னால் வேண்டுமென்றே போட்டேன் என்று நினைப்பார்கள். மைனி சொல்லிக் கொடுத்ததைத்தான் செய்தேன் என்று என் மகனே நினைப்பான். சும்மா இருந்துவிடேன் என்று மனசு சொன்னது.

பிறகு எப்படி ஓடினேன் என்று தெரியாது. அவள் கையைப் பிடித்து இழுத்தேன். கோழித் துண்டு தரையில் விழுந்தது. தட்டையும் பிடுங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்த மருமகளின் தட்டைப் பிடுங்கிய மாமியார் எங்கள் குடும்பத்தில் நான் ஒருத்திதான்.

"ஏட்டி, என்ன கூத்து இது!" என்று மைனி எழுந்துவிட்டார்.

"எண்ணெ... நம்ம எண்ணெ போட்டுட்டேன், கறியில. தின்னுட்டியா மக்கா? தின்னுட்டியா?"

அவள் தின்றிருக்கவில்லை. ஆனால் உதட்டில் பட்டிருந்தது. பதறாமல் எழுந்து போய் வாய் கொப்பளித்தாள். பையில் வைத்திருந்த மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் கீழுதடு எறும்பு கடித்தது போலத் தடித்தது. மகன் என்னை ஒரு பார்வை பார்த்தான். கார் சாவியை எடுத்தான். நானும் போய்ப் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். நாகர்கோவில் போகும் வரையில் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "மூச்சு விட முடியுதா மக்கா" என்று எத்தனை தடவை கேட்டேனோ.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, சாயங்காலம் வரை உட்காரவைத்துப் பார்த்தார்கள். வேறொன்றும் ஆகவில்லை. ஒரு வாய் உள்ளே போயிருந்தால் கதை வேறு என்று டாக்டர் சொன்னார். மகன் மருந்து வாங்கப் போனபோது நாங்கள் இருவரும் பெஞ்சில் தனியாக இருந்தோம். நான் அழுதுகொண்டிருந்தேன். அவள்தான் பேச்சை ஆரம்பித்தாள்.

"சின்ன வயசுல ஒரு சொந்தக்காரங்க வீட்டுல எனக்குத் தெரியாம தேங்காய் போட்டுக் குடுத்தாங்க அத்தை, சும்மா சோதிச்சுப் பாக்க. மூணு நாள் ஆஸ்பத்திரில கிடந்தேன். கடைசி வரைக்கும் போட்டது யாருன்னு யாரும் ஒத்துக்கவே இல்ல. அதுலருந்து எங்க சாப்பிட்டாலும் பயம்தான். உங்க வீட்டுல இனிமே பயமில்ல. தப்பா போட்டா நீங்க சொல்லிடுவீங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வீடு திரும்பியபோது மேசையில் சாலட் தட்டு காலியாக இருந்தது. மைனி மட்டும் உட்கார்ந்திருந்தார். "மனசு கேக்கலட்டி, வெப்ராளத்துல தின்னுட்டேன். அந்தத் திரிஞ்ச பாலு கொள்ளாம்" என்றார். பதற்றத்தில் தின்றாராம், ருசி நன்றாக இருந்ததாம். அந்த நேரத்திலும் மருமகள் சிரித்துவிட்டாள். கிளம்புவதற்கு முந்தின நாள் அவளும் நானும் சேர்ந்து மறுபடியும் அதைச் செய்தோம். கனல் பக்கம் அவள் நின்றாள், நான் தக்காளி வெட்டினேன். எண்ணெய்த் தூக்கு மைனியின் வீட்டில் இருந்தது. அவர்கள் வரும்போதெல்லாம் இப்போதும் அது அங்கேதான் போகிறது.

ஒன்று மட்டும் மிச்சம் இருக்கிறது. ஆஸ்பத்திரி பெஞ்சில் அவள் சொன்னது பாதிதான் உண்மை. சொல்வதற்கு முன்னால் நான் சும்மா நின்ற அந்த ஒரு நொடியை அவளிடம் இதுவரை சொல்லவில்லை. நேரில் சொல்ல எத்தனையோ தடவை வாயெடுத்தேன், வரவில்லை. அவள் இந்தப் பத்திரிகையைப் படிப்பவள், அதனால்தான் இங்கே எழுதுகிறேன். என் வாய் திறக்காத குணத்தை அடக்கம் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இப்போதும் கையில் எண்ணெய் மீந்தால் தலையில்தான் துடைக்கிறேன், துடைக்கும்போதெல்லாம் அந்த அடக்கம் ஒரு உயிரை எடுத்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.